மாடிப்படிக்கு அடியில் மருமகளின் சைக்கிள்

அத்தியாயம் 14

காலை ஏழு மணிக்கே கட்டடத்துச் செயலாளர் வந்து கதவைத் தட்டிவிட்டார்.

"டெய்லரம்மா, கீழ வந்து பாத்தீங்களா? ஒன்பது சைக்கிள் நின்ன இடத்துல இப்போ ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. அது யாரோடதுன்னு என் வாயால வேற சொல்லணுமா?"

சொல்லவே வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் நிற்கும் அந்தப் பச்சை சைக்கிள் யாருடையது என்று நாலு மாடிக்கும் தெரியும். அதன் சொந்தக்காரி ஏன் இந்தக் கட்டடத்தில் இல்லை என்பதும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும்.

"நாலு மணிக்குத்தானே சார் ஆய்வு? அதுக்குள்ள எடுத்துடறோம்."

"நாலு இல்ல, ரெண்டு. இப்பதான் போன் வந்துச்சு. தீயணைப்புக்காரங்க வர்றப்போ படிக்கட்டுல ஒரு செருப்புகூட இருக்கக் கூடாது. இருந்தா மொத்தக் கட்டடத்துக்கும் சான்றிதழ் கிடையாது. அப்புறம் எல்லாரும் சேர்ந்து என்னைத்தான் பிச்சுப் பிடுங்குவாங்க."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நாலாவது மாடியில் ஒரு வீட்டில் புகை கிளம்ப, எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கீழே நின்ற சைக்கிள்களில் ஒன்றின் பெடலில் கால் மாட்டி ஒரு பெரியவர் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு எட்டு சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வீடுகளுக்குள் ஏறிக்கொண்டன. ஒன்று கட்டிலுக்கு மேலே தொங்கியது. இன்னொன்று குளியலறைக்குள் நின்றது. இரண்டாவது மாடிக்காரர் தன்னுடையதைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கு அது அங்கயே நின்னா, நானே பூட்டை வெட்டி ஏத்தி அனுப்பிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

டெய்லரம்மா கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள்.

மருமகள் பெட்டியோடு கிளம்பிப் போய் இன்றோடு நாற்பத்து மூன்று நாள். அந்தப் பன்னிரண்டு வெள்ளைப் பாவாடைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பாட்டுக் குழுவுக்காக டெய்லரம்மா தைத்து, இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தாள். வேலையிலிருந்து வந்த மருமகள் சைக்கிளை உள்ளே உருட்டிக்கொண்டு வந்ததில், மேலே இருந்த பாவாடையில் விரல் நீளத்துக்குச் செயின் கிரீஸ். டெய்லரம்மாவுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்துவிட்டது.

"இதுக்கு இந்த வீட்டுல இடமே இல்ல! கொண்டுபோய் வெளிய வை!"

மருமகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப்போய், படிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் டெய்லரம்மா வேறு வெள்ளைத் துணி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவளும் இல்லை, அவள் பெட்டியும் இல்லை.

சைக்கிளை வெளியே வை என்றதற்கா இவ்வளவு ரோஷம்? அன்றிலிருந்து டெய்லரம்மா இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் செய்து கேட்க மட்டும் மனம் வரவில்லை. பெரியவள் நான் எப்படி முதலில் பேசுவது என்ற வீம்பு. ஆனால் ஒவ்வொரு நாளும் பால் வாங்க இறங்கும்போது அந்தப் பச்சை சைக்கிளை ஒரு பார்வை பார்ப்பாள். போகிறவள் இதை விட்டுவிட்டா போவாள்? வருவாள். வராமல் எங்கே போவாள்?

இன்று அந்த ஒரு பிடியையும் வெட்டி ஏற்றி அனுப்பப் போகிறார்கள்.

"என்னங்க, காதுல விழுந்துச்சா?"

அவள் கணவர் பால்கனியில் சவரம் செய்துகொண்டிருந்தார். ஒரு பெரிய மருத்துவமனையின் வாகன நிறுத்துமிடத்தில் அவர் மேற்பார்வையாளர். ஒரு நாளைக்கு ஐந்நூறு வண்டிக்கு இடம் காட்டுகிற மனிதர். அவருடைய சைக்கிள் பால்கனிக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டப்பட்டு நிமிர்ந்து நின்றது. அதற்கும் சுவருக்கும் நடுவில் கிடைத்த ஒரு சாண் இடத்தில்தான் அவர் முகம் மழிப்பது, துணி உலர்த்துவது எல்லாம்.

"விழுந்துச்சு. எங்க வைக்கிறதாம்?"

"ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் இடம் காட்டறீங்க. உங்க மருமக வண்டிக்கு ஒரு இடம் காட்டத் தெரியலையா?"

அவர் முகத்து நுரையோடு உள்ளே எட்டிப் பார்த்தார். முன்னறையில் மகனின் சைக்கிள் கூரைக் கொக்கியில் தொங்கியது. அதற்கு அடியில் எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும். ஒரு பக்கம் தையல் மெஷின், இன்னொரு பக்கம் துணி வெட்டும் மேசை, நடுவில் சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். உள்ளறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ.

"இந்தக் கூரையில இன்னொரு கொக்கி தாங்காது. நடுச்சுவர் வெறும் பலகை, உள்ள ஒண்ணும் கிடையாது. தட்டினா டமாரம் மாதிரி சத்தம் கேக்குது. கனமா எதையாவது தொங்கவிட்டா சுவரோட சேர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போய்டும். நிஜமான செங்கல் சுவர் அந்த ஜன்னல் சுவர் ஒண்ணுதான்."

ஜன்னல் சுவரை ஒட்டித்தான் வெட்டும் மேசை. ஆறடி நீளம். வெளிச்சம் விழுகிற ஒரே இடம். இருபத்திரண்டு வருஷமாக அவள் கத்தரி பிடித்தது அதன் மேல்தான்.

டெய்லரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு கீழே போனாள். சைக்கிளைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தாள். ஹேண்டில்பாரைத் திருப்பிவிட்டு, முன்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாய்த் தொங்கவிட்டால் எவ்வளவு அகலம் வேண்டும் என்று மனக்கணக்குப் போட்டாள். இரண்டடி போதும். மேலே வந்து, மார்க்கிங் சாக்கை எடுத்து மேசைமீது குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"இந்தக் கோட்டுல வெட்டுங்க."

கணவர் கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "வெட்டிட்டா வெட்டினதுதான். இது துணி இல்ல, திரும்ப ஒட்டுப் போட்டுத் தைக்கறதுக்கு."

"நாலடி மேசையில வெட்டத் தெரியாதா எனக்கு? மடிச்சுப் போட்டு வெட்டிக்கறேன். நீங்க வேலைக்கு லீவு சொல்லிட்டு ரம்பத்தை எடுங்க."

அந்த நேரத்தில்தான் உள்ளறையிலிருந்து மகன் வெளியே வந்தான்.

ஏசி மெக்கானிக். தோளில் கருவிப் பை. ஒன்றரை மாதமாக அவன் வீட்டில் சாப்பிடுவான், தூங்குவான், கேட்டதற்கு ம் என்பான். அவ்வளவுதான். மேசைமீதிருந்த கோட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"எதுக்கும்மா இதெல்லாம்? பூட்டை நான் வெட்டறேன். வண்டியைத் தெருமுனைக் கடையில விட்டுடலாம். வேணும்னா அவளே இத்தனை நாள்ல வந்து எடுத்திருப்பா."

"உன் பொண்டாட்டி வண்டிடா அது."

"பொண்டாட்டியே இல்ல, வண்டி எதுக்கு?"

கணவர் நுரையைத் துடைத்துக்கொண்டே பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டெய்லரம்மா நிதானமாகச் சொன்னாள். "பூட்டை யாரும் வெட்ட வேண்டாம். சாவி அவகிட்ட இருக்கு. நான் போய் வாங்கிட்டு வரேன்."

"நீங்க போக வேண்டாம்!"

அவன் கத்திய வேகத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனும் அதை உணர்ந்து குரலைத் தாழ்த்தினான். "நான் போன்ல பேசறேம்மா. சாவியை யார்கிட்டயாவது கொடுத்தனுப்பச் சொல்றேன். நீங்க எதுக்கு அவ்ளோ தூரம் பஸ் ஏறிக்கிட்டு..."

பால்கனிக்குப் போய்ப் போனைக் காதில் வைத்துக்கொண்டான். "ஆங், நான்தான்... கீழ வண்டி நிக்குதே... சாவி வேணும்..." என்று பேசினான். டெய்லரம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, காதில் வைத்திருந்த அதே போன் மணி அடித்தது.

அவன் பதறிப்போய் அதை எடுத்துப் பார்த்து, "வேலைக்குக் கூப்பிடறாங்க" என்று முணுமுணுத்தான். காது நுனிவரை சிவந்திருந்தது.

டெய்லரம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

*

மருமகள் வேலை பார்க்கும் இடம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பினால், அதற்குத் தக்கபடி பல் செட் செய்து கொடுக்கும் பட்டறை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் டெய்லரம்மா அங்கே ஒரு முறைகூட வந்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் திடுக்கிட்டுப் போனாள். நீளமான மேசைகளில் வரிசை வரிசையாக வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள். மேல் தாடை தனி, கீழ் தாடை தனி, ஒவ்வொன்றிலும் ஒரு எண். ஊரில் இருக்கிற வாயெல்லாம் தன்னைப் பார்த்துப் பேசக் காத்திருப்பது போல இருந்தது.

கடைசி மேசையில் மருமகள். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு ரோஜா நிற மெழுகு ஈறில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தாள். மிகச் சிறிய கத்தி. தான் பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது போலவே அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை டெய்லரம்மா கவனித்தாள்.

"யாரோ உங்களைப் பாக்க வந்திருக்காங்க" என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, அவள் நிமிர்ந்தாள். கத்தி கையிலேயே நின்றது.

"அத்தை?"

"பஸ்ல வர்றப்போ போன் பண்ணேன், எடுக்கலை."

"வேலை நேரத்துல போன் வெளிய பெட்டிக்குள்ள வச்சிடணும்." அவள் எழுந்து, பிளாஸ்டர் தூள் படிந்த ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "என்ன ஆச்சு? மாமாவுக்கு ஏதாவது...?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. உன் சைக்கிள்."

மாடிப்படி முகப்பில் நின்று விஷயத்தைச் சொன்னாள். இரண்டு மணி, தீயணைப்புக்காரர்கள், பூட்டு. மருமகள் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மெலிந்திருந்தாள்.

"சாவி தரேன். எடுத்து யாருக்காவது கொடுத்துடுங்க."

"உன் முதல் சம்பளத்துல வாங்கினதுன்னு சொல்லுவியே. அதைப் போய் யாருக்கோ கொடுக்கச் சொல்ற?" என்றாள் டெய்லரம்மா. "இவ்ளோ நாளா அது அங்க நிக்குது. திரும்பி வரத்தான் விட்டுட்டுப் போயிருக்கேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"ரெண்டு கையிலயும் பெட்டி அத்தை. எப்படி ஓட்டிட்டுப் போறது?"

சிரிக்க வேண்டிய பேச்சு. இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"ஒரு பாவாடைக்காகக் கத்தினேன். ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக வீட்டை விட்டே போவாளா ஒருத்தி?"

மருமகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நேரம் இல்லாத சூடு அந்தப் பார்வையில் இருந்தது.

"பாவாடைக்காகவா? அதுக்குப் போவேனா நான்? 'அம்மா முடிவாச் சொல்லிட்டாங்க, உனக்கு இந்த வீட்டுல இடமில்லையாம், காலையில அவங்க கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள கிளம்பிடணுமாம்'னு அன்னைக்கு உங்க பிள்ளை வந்து நின்னாரே. அதுக்கப்புறமும் நான் அந்த வீட்டுல எப்படி அத்தை இருப்பேன்? நீங்க என் முகத்துக்கு நேரா சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஆள் விட்டுச் சொன்னீங்களே!"

டெய்லரம்மாவின் வாய் திறந்தது. 'நான் எப்போ...' என்று நாக்கு நுனிவரை வந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது.

காலையில் அவன் கத்திய கத்தல். காதில் வைத்த போன் மணியடித்தது. சிவந்த காது. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

அடப்பாவி. என் வாயில இல்லாத வார்த்தையை எடுத்துக்கொண்டுபோய் இவகிட்ட கொடுத்திருக்கியேடா.

டெய்லரம்மா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம். நான் சொன்னது சைக்கிளைத்தான், உன்னை இல்லை, அவன் பொய் சொன்னான் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தன்மேல் இருக்கும் பழி இந்த நிமிஷமே போய்விடும். அப்புறம்? மாமியார் திட்டினாள் என்றால் மறக்கலாம். புருஷன் பொய் சொல்லி வெளியே அனுப்பினான் என்று தெரிந்தால் எந்தப் பெண் திரும்பி வருவாள்?

கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"ஆமா" என்றாள். "கோபத்துல சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுடும்மா."

சொல்லாத வார்த்தைக்கு மன்னிப்பு கேட்பது இவ்வளவு கசக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மருமகள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ஏப்ரன் இல்லை, தோளில் கைப்பை.

"அரை நாள் லீவு சொல்லிட்டேன். அந்தப் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும். எனக்குத்தான் திறக்கத் தெரியும். வாங்க."

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் மருமகள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "இல்ல" என்றாள் டெய்லரம்மா. மருமகள் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். அதைப் பிரிக்கக் கை வரவில்லை.

*

கட்டடத்து வாசலில் சிவப்பு வண்டி வந்து நின்றுவிட்டது. மணி ஒன்று ஐம்பது.

உள்ளே செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சீருடையில் இரண்டு பேர் கையில் அட்டையோடு படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். படிக்கு அடியில் குத்த வைத்து உட்கார்ந்து, நீளக் கைப்பிடி வைத்த இரும்புக் கட்டரைச் செயின் பூட்டில் மாட்டிக்கொண்டிருந்தான் மகன்.

"நிறுத்துடா!"

டெய்லரம்மா போட்ட சத்தத்தில் சீருடைக்காரர்கூட எண்ணிக்கையைத் தவறவிட்டார். மகன் திரும்பினான். அம்மாவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்ததும் கட்டர் அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

மருமகள் அவனைத் தாண்டிக் குனிந்தாள். சாவியை நுழைத்து, பாதி வெளியே இழுத்து, இடப்பக்கம் அழுத்தித் திருகினாள். பூட்டு திறந்துகொண்டது. அவன் பின்சக்கரத்தைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"வேண்டாம். எனக்குத் தூக்கத் தெரியும்."

சத்தம் கேட்டு மேலேயிருந்து டெய்லரம்மாவின் கணவர் இறங்கி வந்தார். தலையெல்லாம் மரத்தூள். "வாம்மா பல் டாக்டர்!" என்று அவளைப் பழைய பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அனுமதி கேட்காமல் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அவரை அவள் தடுக்கவில்லை. இரண்டு பேருமாகச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள்.

மகன் பின்னாலேயே போகப் பார்த்தான். டெய்லரம்மா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ எங்க போற? முதல் மாடித் திருப்பத்துக்கு வா."

அங்கே போனதும் அவள் கேட்டது ஒரே கேள்வி. "நான் எப்போடா அவளைப் போகச் சொன்னேன்?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"என்னைப் பாரு."

"எனக்குத் தனியாப் போகணும்னு இருந்துச்சும்மா" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. "உங்ககிட்ட சொல்லத் தைரியம் இல்ல. அவகிட்ட ஆறு மாசமாச் சொல்லிட்டிருந்தேன். அவ கேக்கல. அத்தை மாமாவை விட்டுட்டு எதுக்குன்னு கேட்டா. அன்னைக்கு நீங்க கத்தினீங்கல்ல... உங்க பேரைச் சொன்னா 'சரி, வாங்க போயிடலாம்'னு சொல்லுவான்னு நினைச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து போயிடலாம்னு நினைச்சேன்மா."

"அவ?"

"'போகச் சொன்னது என்னைத்தானே, நான் போறேன்'னு பெட்டியைக் கட்டிட்டா."

"நீ ஏன்டா கூடப் போகல?"

மேலேயிருந்து அட்டையோடு சீருடைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "கொஞ்சம் வழி விடுங்கம்மா. படியில நிக்கக் கூடாது." இரண்டு பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சண்டை போடக்கூட அந்தக் கட்டடத்தில் இடமில்லை.

அவர் போனதும் டெய்லரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"இவ்ளோ நாளும் நான் சொன்ன ஒரு வார்த்தையாலதான் போயிட்டான்னு நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்சுக்கிட்டு நடந்தேன். நீ என் எதிர்ல உக்காந்து சாப்பிட்ட. ஒரு நாள்கூட உனக்குத் தொண்டையில சிக்கலையா? இன்னைக்கு அவ எதிர்ல நின்னு, நான்தான் சொன்னேன், மன்னிச்சுடுன்னு கேட்டுட்டு வந்திருக்கேன்."

அவன் அதிர்ந்து பார்த்தான். "நீங்களா? நீங்க ஏம்மா...?"

"ஏன்னா நீ என் வயித்துல பொறந்து தொலைச்சியே. போ. இப்பவே போய் உன் வாயால சொல்லு. இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

அவன் இரண்டு படி ஏறினான். நின்றான். திரும்பிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் போனான்.

டெய்லரம்மா மூன்றாவது மாடிக்கு வந்தபோது கணவர் வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே தெரிந்தது. ஜன்னல் சுவரில் புதுக் கொக்கி. அதில் முன்சக்கரம் மாட்டி, ஹேண்டில்பார் திரும்பி, பச்சை சைக்கிள் செங்குத்தாய்த் தொங்கியது. பக்கத்தில் நாலடி மேசை, வெட்டின ஓரம் இன்னும் சிலும்பிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தைத் தொட்டபடி மருமகள் நின்றாள். மகன் அவளுக்கு எதிரே.

"கனகச்சிதமா உக்காந்துச்சு பாத்தியா?" என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து கதவு சாத்தப்பட்டது.

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். உட்காரக் கூடாது என்பது நினைவு வந்து எழுந்து நின்றார்கள். பலகைச் சுவர்தான், கேட்டிருக்க வேண்டும். மகன் பேசுவது மட்டும் முணுமுணுப்பாகக் கேட்டது. வெகுநேரம் அவன் குரல் மட்டும்தான். அப்புறம் அதுவும் நின்றது.

"என்னடி நடக்குது?" என்றார் கணவர் மெதுவாக.

"சும்மா இருங்க."

கீழே சிவப்பு வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் நாலைந்து நிமிஷம் போயிருக்கும். கதவு திறந்தது. மருமகள் நின்றாள். அழுத கண் இல்லை.

"அத்தை, கொஞ்சம் உள்ள வாங்க."

போனாள். மகன் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றாள் மருமகள். "அவர் பொய் சொன்னார். அது எனக்கும் அவருக்கும். நான் பாத்துக்கறேன். ஆனா நீங்க? நீங்க சொல்லவே இல்லையே அத்தை. அது தெரிஞ்சும் என் கையைப் பிடிக்காத குறையா மன்னிப்பு கேட்டீங்களே. அந்த பஸ்ல வர்றப்போ, இவ்ளோ பெரிய மனுஷி இறங்கி வந்துட்டாங்களேன்னு நான் எவ்ளோ உருகிப்போனேன் தெரியுமா?"

மருமகள் இன்னும் கிட்டே வந்தாள்.

"எதுக்காகச் சொன்னீங்க? உங்க பிள்ளையைக் காப்பாத்தவா? இல்ல, என்னை ஏமாத்திக் கூட்டிட்டு வரவா?"

உன் நல்லதுக்குத்தான், குடும்பம் உடையக் கூடாது என்றுதான் என நூறு சமாதானம் மனசுக்குள் முட்டி மோதியது. எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க ஒன்றுகூட வெளியே வரவில்லை. இன்றைக்குக் காலையிலிருந்து இந்த வீட்டில் சொல்லப்பட்ட பொய் போதும் என்று தோன்றியது.

"ரெண்டுக்கும்தான்" என்றாள்.

மகன் தலையை நிமிர்த்தினான். வாசலில் நின்ற கணவர் ஒரு எட்டு உள்ளே வைத்து, அப்படியே நின்றார்.

மருமகள் அசையாமல் அவளைப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா, கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி, நாலடி மேசையின் மேல் வைத்தாள். தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மாமாவோட கொஞ்சம் வெளிய இருங்க."

"நானா?"

"ஆமா."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்கவில்லை. அவன் எழுந்து, தொங்கிக்கொண்டிருந்த தன் சைக்கிளுக்கு அடியில் குனிந்து, வெளியே போனான்.

மருமகள் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஸ்டூலை இழுத்து டெய்லரம்மாவின் முன்னால் போட்டாள்.

"உக்காருங்க அத்தை. அவர் தனியாப் போகணும்னு சொன்னதுக்கு நான் ஏன் ஆறு மாசமா மாட்டேன்னு சொல்லிட்டிருந்தேன்னு அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இப்போ சொல்றேன்."